எம்.எஸ்சி. நர்சிங் முடித்தால் எந்தப் பக்கம் பஸ் ஏறுவது?

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறை பஸ் ஸ்டாண்டில் காலை ஆறரை மணிக்கு நின்று பார்த்தால் எங்கள் ஊரின் பிழைப்பு பாதி புரிந்துவிடும். டிபன் பாக்ஸும் மடித்த வெள்ளை கோட்டும் வைத்த பையோடு ஒரு கூட்டம் வேலந்தாவளம் வழியாகக் கோயம்புத்தூர் போகும் பஸ்ஸுக்கு நிற்கும். இன்னொரு கூட்டம் பாலக்காட்டு பஸ்ஸுக்கு. கொஞ்ச நேரம் கழித்துப் போனால், நைட் முடித்து வந்தவர்கள் கண் சிவந்து இறங்குவதைப் பார்க்கலாம். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் பலருக்கு மலையாளம், வார்டில் இரண்டும். எங்கள் சித்தூர் தாலூக்காவில் வீட்டுக்கு ஒரு நர்ஸ் என்று சொன்னால் அது மிகைதான், ஆனால் தெருவுக்கு ஒருவர் என்றால் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள்.

போன மாதம் அங்கேதான் பக்கத்துத் தெருப் பெண் என்னைப் பிடித்துக்கொண்டாள். பி.எஸ்சி. முடித்து, கோவையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி ஐ.சி.யூ.வில் இரண்டு வருஷம் ஆகிறது. "அக்கா, ஒண்ணு கேக்கட்டுங்களா? எம்.எஸ்சி. படிச்சா நைட் டூட்டி இருக்காதாமே?"

இருக்காது என்பது முக்கால்வாசி உண்மை. சிக்கலே அந்த முக்கால்வாசியில்தான் இருக்கிறது. நம் நாட்டில் எம்.எஸ்சி. நர்சிங் படித்தவருக்கு முதலில் திறக்கிற கதவு நோயாளியின் கட்டிலை விட்டு வெளியே போகிற கதவு. பணமோ, கடல் கடந்ததாக இருந்தாலும் மத்திய அரசு வேலையாக இருந்தாலும், பெரும்பாலும் கட்டில் பக்கத்திலேயே நிற்கிறது. இந்த முரணைத் தெரிந்துகொண்டு சேர்ந்தவர்கள் நன்றாக இருக்கிறார்கள். தெரியாமல், நைட் டூட்டிக்குப் பயந்து சேர்ந்தவர்களில் பலர் மூன்று வருஷம் கழித்து மறுபடியும் ஐ.சி.யூ. இன்டர்வியூவில் வரிசையில் நிற்பதை நானே பார்த்திருக்கிறேன். அவளுக்குப் பஸ் வருவதற்குள் சொல்ல முடிந்தது கொஞ்சம்தான். மிச்சத்தை இங்கே எழுதுகிறேன்.

முதலில் படிப்பைப் பற்றி. பி.எஸ்சி. நர்சிங் நான்கு வருஷம். அல்லது ஜி.என்.எம். என்ற நர்சிங் டிப்ளமா படித்து அதன்மேல் இரண்டு வருஷம் போஸ்ட் பேசிக். அதற்குப் பிறகு குறைந்தது ஒரு வருஷ வேலை அனுபவம், 55 சதவீத மதிப்பெண். இவ்வளவும் இருந்தால் இரண்டு வருஷ எம்.எஸ்சி.யில் சேரலாம். இந்தியாவில் நர்சிங் பட்டப்படிப்பே 1946இல்தான் ஆரம்பித்தது, டெல்லியிலும் வேலூர் சி.எம்.சி.யிலும். முதுகலை 1959இல் டெல்லியில் வந்தது. பிரிவுகள் ஐந்து: மெடிக்கல் சர்ஜிக்கல், குழந்தை நலம், மகப்பேறு, சமூக நலம், மனநலம். சேரும்போது எந்தப் பிரிவு கிடைக்கிறதோ அதில் சேர்ந்துவிடுகிறவர்கள்தான் அதிகம். பிற்பாடு வேலையை முடிவு செய்வது அந்தப் பிரிவுதான் என்பது கடைசி செமினார் வரைக்கும் யாருக்கும் உறைப்பதில்லை.

கல்லூரிப் பக்கம்

எம்.எஸ்சி. முடித்தவர்களில் பெரும்பகுதி போவது கற்பிக்கத்தான். காரணம் சுலபமான கணக்கு. பி.எஸ்சி. நர்சிங்கில் பத்து மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் விதி. ஒரு கல்லூரியில் வருஷத்துக்கு 60 இடம் என்றால் நான்கு வருஷத்துக்கு 240 பேர், அதற்கு 24 ஆசிரியர்கள். கோவை, பொள்ளாச்சி, பாலக்காடு, திருச்சூர் என்று நம்மைச் சுற்றியுள்ள கல்லூரிகளை நினைத்துப் பாருங்கள். 2023 மத்திய பட்ஜெட்டில், 2014க்குப் பிறகு தொடங்கிய மருத்துவக் கல்லூரிகளோடு சேர்த்து 157 புதிய நர்சிங் கல்லூரிகள் அறிவிக்கப்பட்டன. ஆசிரியர் தேவை இப்போதைக்குக் குறையாது.

ஏணியும் எழுதி வைத்ததுதான். டூட்டர் அல்லது கிளினிக்கல் இன்ஸ்ட்ரக்டராக ஆரம்பித்து, மூன்று வருஷ அனுபவத்தில் அசிஸ்டென்ட் புரொபசர், பிறகு அசோசியேட், புரொபசர். பிரின்சிபால் நாற்காலிக்கு எம்.எஸ்சி.யோடு மொத்தம் 15 வருஷ அனுபவம் வேண்டும். பிஎச்.டி. இருந்தால் மேலே போவது சுலபம். அதற்கென்று நர்சிங் கவுன்சில் பெங்களூரு ராஜீவ் காந்தி சுகாதாரப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து 2005இல் தேசிய அளவில் ஒரு கூட்டமைப்பை ஆரம்பித்தது. வேலையில் இருந்தபடியே படிக்கலாம்.

இதெல்லாம் காகிதத்தில். நேரில் எப்படி என்றால், நான் டூட்டராகச் சேர்ந்த முதல் மாதச் சம்பளம், வார்டில் நைட் அலவன்ஸோடு வாங்கிக்கொண்டிருந்ததைவிடக் குறைவு. அதை எதிர்பார்த்துத்தான் சேர்ந்தேன். எதிர்பார்க்காதது வேறு. சேர்ந்த அன்றே ஒரிஜினல் சர்டிபிகேட் எல்லாவற்றையும் வாங்கி ஆபீஸ் பீரோவில் பூட்டிவிட்டார்கள். "இன்ஸ்பெக்‌ஷனுக்கு வேணும் மேடம்" என்றார்கள். இன்ஸ்பெக்‌ஷன் வந்தது. அன்றைக்குத்தான் என் டிபார்ட்மென்ட்டில் எனக்குத் தெரியாத மூன்று பேர் இருப்பது எனக்கே தெரிந்தது. புதிதாக இஸ்திரி போட்ட கோட், கழுத்தில் அடையாள அட்டை, மேஜையில் பெயர்ப்பலகை. மத்தியானம் சாப்பாடு போட்டுக் கவர் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். நான் அந்தக் கல்லூரியை விட்டு வரும்போது சர்டிபிகேட்டை மீட்க ஐந்து மாதம் நடந்தேன். அந்த ஐந்து மாதத்தில் கையை விட்டுப் போன ஒரு வேலையை இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரிகிறது.

எல்லாக் கல்லூரியும் இப்படி இல்லை. முறையாக நடத்துகிற, மாணவிகளோடு வார்டுக்கு வந்து கையைப் பிடித்துக் கற்றுக்கொடுக்க ஆசிரியரை விடுகிற கல்லூரிகள் கோவையிலும் இருக்கின்றன, கேரளத்திலும் இருக்கின்றன. ஆனால் ஒன்று: காசுக்காக ஒருநாள் ஆசிரியராகப் பெயர் கொடுத்துவிடாதீர்கள். அதன் விலை பின்னால் வளைகுடாவுக்கு விண்ணப்பிக்கும்போது தெரியும். அதைக் கீழே சொல்கிறேன்.

தீசிஸ் பற்றியும் ஒரு வார்த்தை. எங்கள் நூலகத்தில் ஓர் அலமாரி முழுக்க ஒரே தலைப்பு நிற்கும். "இன்ன நோய் பற்றி இன்ன ஊர்த் தாய்மார்களின் அறிவில் திட்டமிட்ட கற்பித்தல் ஏற்படுத்தும் விளைவு." நோயும் ஊரும் மட்டும் மாறும். விளைவு எப்போதும் நல்ல விளைவுதான், சொல்லிக்கொடுத்தால் யாருக்குத்தான் நான்கு விஷயம் கூடுதலாகத் தெரியாது? இரண்டு வருஷத்தில் உங்கள் கையில் இருக்கிற ஒரே சொந்தச் சரக்கு அந்த தீசிஸ்தான். கதீட்டர் குழாயால் வரும் தொற்று, கட்டிலிலேயே கிடப்பவர்களுக்கு வரும் படுக்கைப் புண், மருந்து கொடுப்பதில் நேரும் பிழை என்று வார்டில் நடக்கிற ஒன்றை அளந்து எழுதியிருந்தால், இன்டர்வியூவில் பேச விஷயம் இருக்கும்.

ஆஸ்பத்திரிக்குள்ளேயே

"எம்.எஸ்சி. படிச்சும் வார்டிலயே இருக்கேன்" என்று சொல்கிறவர்களின் குரலில் ஒரு கூச்சம் இருக்கும். இருக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தக் கூச்சத்துக்குக் காரணம் உண்டு. பெரும்பாலான ஆஸ்பத்திரிகளில் இன்சார்ஜ் ஆவதும், அசிஸ்டென்ட் நர்சிங் சூப்பரின்டென்டென்ட் ஆவதும் சீனியாரிட்டியில்தான் நடக்கிறது. பட்டத்துக்குக் கொஞ்சம் கூட்டிக் கொடுப்பார்கள், அவ்வளவுதான். பக்கத்துக் கட்டிலில் ஜி.என்.எம். படித்தவர் செய்கிற அதே வேலையைத்தான் இவரும் செய்கிறார்.

வேலூர் சி.எம்.சி. இதில் ஒரு விதிவிலக்கு. அங்கே நர்சிங் கல்லூரியும் ஆஸ்பத்திரி வார்டும் ஒரே நிர்வாகமாக ஓடுகின்றன. பாடம் எடுக்கிறவரே வார்டுப் பொறுப்பிலும் இருப்பார். ஆந்திர எல்லையைத் தாண்டியதும் வருகிற சித்தூரில் அவர்களுக்கு ஒரு வளாகமும் இருக்கிறது. அந்த முறையை நாடு முழுக்கப் பின்பற்றியிருந்தால் இந்தக் கட்டுரையில் பாதி தேவைப்பட்டிருக்காது.

நர்சிங் கவுன்சிலும் இந்த ஓட்டையைக் கவனித்திருக்கிறது போல. 2016–17 வாக்கில் தீவிர சிகிச்சைக்கான நர்ஸ் பிராக்டிஷனர் என்று இரண்டு வருஷ முதுகலைப் படிப்பு கொண்டு வந்தார்கள். இதில் வகுப்பறை குறைவு, ஐ.சி.யூ. அதிகம், ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தபடியே படிக்கிற ரெசிடென்சி முறை. வென்டிலேட்டரில் இருக்கிற நோயாளியை மருத்துவரோடு சேர்ந்து பரிசோதித்து, ஆஸ்பத்திரி வகுத்த நெறிமுறைக்குள் முடிவெடுக்கிற நர்ஸை உருவாக்குவதுதான் நோக்கம். கட்டிலை விட்டுப் போகாமல் மேலே போவதற்கு இதுதான் நேர்வழி. ஆனால் படித்து வந்தவருக்கு அந்தப் பதவியையும் அதிகாரத்தையும் சம்பளத்தையும் தருகிற ஆஸ்பத்திரி எது என்று கேட்டுவிட்டுச் சேர வேண்டும். பட்டம் ஒன்று, நாற்காலி வேறு. மகப்பேறு பக்கத்தில் இதே மாதிரி, 2018இல் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, 18 மாத மிட்வைஃப் நர்ஸ் பிராக்டிஷனர் பயிற்சி வந்தது.

நான் கடைசியில் போய்ச் சேர்ந்தது தொற்றுக் கட்டுப்பாட்டுக்கு. ஆஸ்பத்திரியில் ஐ.சி.என். என்பார்கள். அதனால் இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தனியார் ஆஸ்பத்திரிகள், ஆஸ்பத்திரித் தரத்துக்குக் கொடுக்கிற என்.ஏ.பி.எச். அங்கீகாரத்துக்கு ஓட ஆரம்பித்த பிறகு இந்த வேலைக்கு மரியாதை வந்தது. அங்கீகாரம் வேண்டுமென்றால் தொற்றுக் கட்டுப்பாட்டுக்கென்றே ஒரு நர்ஸ் இருந்தாக வேண்டும். காலையில் ஐ.சி.யூ.வில் நுழைந்ததும் நான் பார்ப்பது நோயாளி முகத்தை அல்ல, கட்டிலின் சாய்வை. வென்டிலேட்டரில் இருப்பவரின் தலைப்பக்கம் 30 முதல் 45 டிகிரி உயர்ந்திருக்க வேண்டும். அப்புறம் யூரின் பேக். மூத்திரப்பையைவிடத் தாழ்வாகத் தொங்குகிறதா, தரையைத் தொடுகிறதா? தரையைத் தொட்டால் அங்கேயே நின்று சரி செய்ய வைப்பேன். அடுத்தது குப்பை. ஊசி வெள்ளை டப்பாவில், ஐ.வி. செட் சிவப்புப் பையில், ரத்தம் நனைந்த பஞ்சு மஞ்சளில், கண்ணாடிக் குப்பி நீலத்தில். 2016 மருத்துவக் கழிவு விதி அது. சிவப்புப் பைக்குள் ஓர் ஊசி கிடந்தால், அதை அள்ளுகிற ஹவுஸ் கீப்பிங் அம்மாவின் விரல்தான் எனக்குக் கண்ணில் தெரியும்.

கை கழுவுவதற்கு உலக சுகாதார நிறுவனம் ஐந்து தருணம் சொல்கிறது. நோயாளியைத் தொடுவதற்கு முன், தொட்ட பின் என்பதெல்லாம் எல்லாருக்கும் மனப்பாடம். ஐந்தாவது, நோயாளியைத் தொடாமல் அவர் கட்டிலையோ மானிட்டரையோ மட்டும் தொட்டுவிட்டு வந்தால்கூடக் கழுவ வேண்டும் என்பது. நான் கணக்கெடுக்கிற இடங்களில் அதிகம் தவறுவது அதுதான். பெரிய டாக்டர்களும் தவறுவார்கள். அதைக் குறிப்பேட்டில் எழுதுகிற துணிச்சல் இந்த வேலைக்கு வேண்டும். அந்தத் துணிச்சலுக்கு எம்.எஸ்சி. கொஞ்சம் உதவுகிறது, பொய் சொல்வானேன்.

உண்மையாக உதவுவது வேறொன்று. எம்.எஸ்சி.யில் எல்லாரும் திட்டிக்கொண்டே படித்த புள்ளியியல் பாடம். ஒரு மாதத்தில் எத்தனை பேருக்குக் கதீட்டரால் தொற்று வந்தது என்று சும்மா எண்ணினால் போதாது. எத்தனை நோயாளிக்கு எத்தனை நாள் கதீட்டர் இருந்தது என்று தினமும் கூட்டி, ஆயிரம் கதீட்டர் நாளுக்கு எத்தனை தொற்று என்று சொல்ல வேண்டும். இந்தக் கணக்கைப் போட்டுக் கமிட்டியில் பேசத் தெரிந்தவருக்குக் குவாலிட்டி டிபார்ட்மென்ட் கதவும் திறக்கும். கேரளம் 2018இலேயே கிருமிகள் மருந்துக்கு மசியாமல் போகிற நுண்ணுயிர்க்கொல்லி எதிர்ப்பைத் தடுக்க மாநிலச் செயல்திட்டம் கொண்டு வந்தது. அங்கே இந்த வேலையின் பேச்சு ஆஸ்பத்திரிச் சுவரைத் தாண்டியும் போகிறது. நைட் டூட்டியும் இல்லை. ஆனால் பட்டம் மட்டும் வைத்துக்கொண்டு இதில் நுழைய முடியாது. வார்டில் இரண்டு மூன்று வருஷம் உருண்டவருக்குத்தான் எங்கே தப்பு நடக்கும் என்று மூக்கில் வாசம் அடிக்கும்.

மெடிக்கல் கோடிங், கிளினிக்கல் ரிசர்ச், இன்ஷூரன்ஸ் கம்பெனி எல்லாம் இருக்கின்றன. நல்ல வேலைகள்தான். பி.எஸ்சி.யே போதும் என்பதால் அதற்காக எம்.எஸ்சி.க்குச் செலவு செய்ய வேண்டாம். அதோடு விட்டுவிடுகிறேன்.

ஊருக்குள்

சமூக நலப் பிரிவில் இடம் கிடைத்தால் முகத்தைச் சுளிப்பவர்கள் அதிகம். எல்லையில் பிறந்தவர்கள் சுளிக்கக் கூடாது என்பது என் கட்சி.

கேரளம் 2008இல், குணமாகாத நோயில் வலியையும் வேதனையையும் குறைக்கிற நோய்த்தணிப்புச் சிகிச்சைக்குத் தனிக் கொள்கையே வகுத்தது. நாட்டில் அப்படிச் செய்த முதல் மாநிலம். பஞ்சாயத்துதோறும் வீடு வீடாகப் போகிற பாலியேட்டிவ் நர்ஸ் இருக்கிறார். எங்கள் பக்கம் அந்த ஜீப் வந்தால் நாய்கூடக் குரைப்பதில்லை, அவ்வளவு பழக்கம். புற்றுநோய் முற்றியவருக்கு வலி எங்கே என்று கேட்பதற்குப் பாடப்புத்தக மலையாளம் உதவாது. "நெஞ்சு காந்துதா, குத்துதா, கடுக்குதா?" என்று அவர்கள் பாஷையில் கேட்க வேண்டும். அந்த நர்ஸ் வேலைக்கு எம்.எஸ்சி. தேவையில்லை. அந்த நர்ஸுகளுக்குப் பயிற்சி கொடுக்கவும், திட்டத்தை நடத்தவும் தேவைப்படுகிறவர் சமூக நலமோ மெடிக்கல் சர்ஜிக்கலோ படித்தவர்.

அட்டப்பாடியை எடுத்துக்கொள்ளுங்கள். கோவையிலிருந்து ஆனைக்கட்டி வழியாக ஏறினால் வந்துவிடும். பாலக்காடு மாவட்டம்தான். இருளர், முடுகர், குறும்பர் ஊர்கள். 2013இல் அங்கே அடுத்தடுத்துக் கைக்குழந்தைகள் இறந்தது நாடு முழுக்கச் செய்தியானது. தாயின் ரத்தசோகை, எடை குறைந்த பிறப்பு, ஊட்டம் என்று பேச வேண்டிய இடம். கோட்டத்தறையில் பழங்குடியினருக்கான அரசு சிறப்பு மருத்துவமனை இருக்கிறது. தமிழும் மலையாளமும் தெரிந்து, இருளர் பேச்சு காதுக்குப் பழகிய சமூக நல நர்ஸுக்கு அங்கே இருக்கும் பயன், திருவனந்தபுரத்திலிருந்து மாற்றலாகி வருகிறவருக்கு ஒரு வருஷம் ஆனாலும் வராது. இந்தப் பாதையில் இன்னும் போக நினைப்பவர்களுக்குப் பொதுச் சுகாதார முதுகலை உண்டு. திருவனந்தபுரம் ஸ்ரீசித்ரா நிறுவனத்தின் அச்சுத மேனன் மையம் 1990களிலிருந்தே அதை நடத்துகிறது.

மனநலப் பிரிவும் இப்படித்தான் குறைத்து மதிப்பிடப்படுகிறது. 2017 மனநலச் சட்டம் மனநல நர்ஸை, மாநில மனநல ஆணையத்தில் பதிவு பெற வேண்டிய தொழில்முறையாளர்களில் ஒருவராகவே வைத்திருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டக் குழுக்களிலும் மனநல நர்ஸுக்கு இடம் உண்டு. போதை மறுவாழ்வு மையங்களும் கூடவே வளர்கின்றன.

அரசு வேலையும் இரண்டு மொழிகளும்

இங்கேதான் வயது விஷயம். எய்ம்ஸ் நிறுவனங்களுக்கான பொதுத் தேர்வு, நார்செட் என்பார்கள், 2020இல் ஆரம்பித்தது. பி.எஸ்சி. இருந்தால் போதும். அல்லது ஜி.என்.எம்.மோடு இரண்டு வருஷ அனுபவம். அடிப்படைச் சம்பளம் 44,900இல் ஆரம்பிக்கிறது. எம்.எஸ்சி.க்கு ஒரு மார்க்கும் கூடுதல் இல்லை. பொதுப் பிரிவுக்கு வயது வரம்பு 30, மற்றவர்களுக்குத் தளர்வு உண்டு. 22இல் பி.எஸ்சி. முடித்து, மூன்று வருஷம் வேலை பார்த்து, இரண்டு வருஷம் எம்.எஸ்சி. படித்தால் 27 ஆகிவிடும். மிச்சம் எத்தனை தேர்வு எழுதலாம் என்று விரல் விட்டு எண்ணிப் பாருங்கள். ரயில்வேயிலும் அதே சம்பள நிலை. அங்கே முதல் நாள் சேர்கிறவருக்கே நர்சிங் சூப்பரின்டென்டென்ட் என்றுதான் பெயர். எங்கள் ஊரில் ஒரு பெண்ணுக்கு அந்த ஆர்டர் வந்தபோது அவளுடைய அப்பா தெருவெல்லாம் லட்டு கொடுத்தார், பெரிய பதவி என்று. நாங்கள் யாரும் திருத்தவில்லை. ராணுவ நர்சிங் சர்வீஸின் குறுகிய காலப் பணிக்கு பி.எஸ்சி., எம்.எஸ்சி. இரண்டு பேரும் விண்ணப்பிக்கலாம். லெப்டினன்ட்டாகச் சேர்வார்கள்.

மாநில அரசு என்றால் எல்லைப் பிள்ளைகளுக்கு ஒரு வேடிக்கை காத்திருக்கிறது. தமிழ்நாட்டில் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் நடத்தும் தேர்வில் முதலில் தமிழ்த் தகுதித் தாள் உண்டு. பத்தாம் வகுப்புத் தரம், 40 சதவீதம் எடுக்காவிட்டால் அடுத்த தாளையே திருத்தமாட்டார்கள். வீட்டில் தமிழ் பேசி மலையாள மீடியத்தில் படித்த பிள்ளை "ற"வுக்கும் "ர"வுக்கும் நடுவில் அங்கே மாட்டிக்கொள்கிறது. தமிழ் மீடியத்தில் படித்துவிட்டுக் கேரளத் தேர்வாணையம் (பி.எஸ்.சி.) வழியாக வேலைக்குப் போனால், அங்கே மலையாள மொழித் தேர்வை முடித்தால்தான் புரொபேஷன் முடியும். ஆக இரண்டு எழுத்தும் எழுதத் தெரிந்தவருக்கு இரண்டு கதவு. வகுப்புக்கு ஆயிரக்கணக்கில் கட்டுவதற்கு முன்னால் பாட்டியிடம் உட்கார்ந்து நாளிதழ் வாசித்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

தனியார் சம்பளத்திலும் எல்லைக்கோடு தெரியும். நர்ஸுகளின் தொடர் போராட்டத்துக்குப் பிறகு, 2018 ஏப்ரலில் கேரள அரசு தனியார் ஆஸ்பத்திரி நர்ஸுக்குக் குறைந்தபட்ச ஊதியம் 20,000 ரூபாய் என்று அறிவித்தது. எல்லா இடத்திலும் அப்படியே கொடுக்கிறார்களா என்பது வேறு. பேரம் பேச ஓர் எண் இருக்கிறது என்பதே பெரிய விஷயம்.

கடல் கடந்து

வெளிநாட்டுக்குப் போகத்தான் எம்.எஸ்சி. என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பிரிட்டனில் பதிவுத் தேர்வுகள் எழுதி, ஆங்கிலத் தேர்வில் தேறிப் போனால் முதுகலைக்காரரும் பேண்ட் 5 என்ற அதே படியில்தான் காலெடுத்து வைக்கிறார். ஜெர்மனிக்கு வேண்டியது ஜெர்மன் மொழியும் அங்கீகாரமும். அமெரிக்காவில் நம் எம்.எஸ்சி.யை வைத்து நர்ஸ் பிராக்டிஷனர் ஆக முடியாது, அங்கே மறுபடி படிக்க வேண்டும். முதலில் என்கிளெக்ஸ் என்ற உரிமத் தேர்வில் தேறி சாதாரண நர்ஸாகத்தான் போக வேண்டும். இந்தியர்களுக்கான விசா வரிசையோ கல்யாண வீட்டுப் பந்தி மாதிரி நீண்டு கிடக்கிறது.

பெரும்பாலும் கேட்பது அண்மைக்கால வார்டு அனுபவம். கல்லூரியில் பாடம் எடுத்த ஐந்து வருஷத்தைப் பல ஏஜென்சிகள் அனுபவமாகவே எண்ணமாட்டார்கள். எம்.எஸ்சி. பலன் தருவது அங்கே போய்ச் சேர்ந்த பிறகு. கிளினிக்கல் எஜுகேட்டர், இன்ஃபெக்‌ஷன் கன்ட்ரோல், குவாலிட்டி என்று உள்ளேயே மேலே ஏறும்போது பட்டம் பேசும்.

வளைகுடாவுக்கு டேட்டாஃப்ளோ என்ற சரிபார்ப்பு உண்டு. நீங்கள் கொடுத்த ஒவ்வொரு சர்டிபிகேட்டையும் அது வந்த கல்லூரிக்கோ ஆஸ்பத்திரிக்கோ கேட்டு எழுதி உறுதி செய்வார்கள். முன்னே சொன்னேனே, கவர் வாங்கிக்கொண்டு ஒருநாள் ஆசிரியராக நின்றவர்கள்? ஒரே தேதிகளில் இவர் கல்லூரி ஆசிரியராகவும் இருக்கிறார், ஆஸ்பத்திரி நர்ஸாகவும் இருக்கிறார் என்று இரண்டு பதில் போனால், விளக்கம் கேட்டு வருகிற மின்னஞ்சலுக்கு என்ன பதில் எழுதுவீர்கள்?

ஏஜென்ட் விஷயத்தில் எங்கள் ஊர்க்காரர்களுக்கு இரண்டு அரசு வழி இருக்கிறது. கேரள முகவரி இருந்தால் அந்த அரசின் நோர்க்காவும் ஒடெபெக்கும். நோர்க்கா ஜெர்மனியின் வேலைவாய்ப்புத் துறையோடு 2021 டிசம்பரில் ஒப்பந்தம் போட்டு டிரிபிள் வின் என்ற திட்டத்தில் ஆள் அனுப்புகிறது. வாளையாறுக்கு அந்தப் பக்கம் முகவரி என்றால் 1978 முதல் இயங்கும் தமிழ்நாடு அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம். தனியார் ஏஜென்ட்டும் பதிவு பெற்றவராக இருந்தால், சட்டப்படி வாங்கலாமென்று இருக்கிற சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான். லட்சக்கணக்கில் கேட்பவர் எதற்குக் கேட்கிறார் என்று கேளுங்கள்.

கடைசியாகப் பதிவு. தமிழ்நாட்டில் படித்தால் தமிழ்நாடு கவுன்சிலில் பதிவு. பாலக்காட்டில் வேலை என்றால் கேரளக் கவுன்சிலிலும் பதிய வேண்டும். எம்.எஸ்சி.யையும் கூடுதல் தகுதியாகப் பதிவில் ஏற்ற வேண்டும். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள், வேலைக்கு ஆர்டர் வந்த பிறகு சென்னைக்கும் திருவனந்தபுரத்துக்கும் ஓடுகிறார்கள். தேசியப் பதிவேட்டின் தனி அடையாள எண்ணையும் எடுத்து வையுங்கள். 1947 நர்சிங் கவுன்சில் சட்டத்துக்குப் பதிலாக 2023இல் தேசிய நர்சிங், மிட்வைஃப் ஆணையச் சட்டம் நிறைவேறியிருக்கிறது. அதுவும் நாடு முழுக்க ஒரே நேரடிப் பதிவேடு என்றுதான் பேசுகிறது.

அந்தப் பெண்ணிடம் இதில் கால்வாசியைச் சொல்லி முடிப்பதற்குள் கோயம்புத்தூர் பஸ் வந்துவிட்டது. ஏறும்போது ஒன்று மட்டும் கேட்டேன். "அம்மிணி, ஐ.சி.யூ.ல எது பிடிச்சிருக்கு உனக்கு?" படியில் நின்று யோசித்தாள். "வென்டிலேட்டர்ல இருந்து ஒருத்தர எடுக்குற அன்னைக்குங்க அக்கா. அன்னைக்கு நைட்டா இருந்தாலும் பரவால்ல." கண்டக்டர் விசில் கொடுத்தார். அன்று சாயங்காலம் வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தாள், அந்த நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பு கோவையில் எங்கே இருக்கிறது என்று. விசாரித்துக்கொண்டிருக்கிறோம். படித்து முடித்தவர்களுக்கு அந்த ஆஸ்பத்திரிகள் என்ன பெயரில், என்ன சம்பளத்தில் ஆர்டர் கொடுத்தன என்பதையும் சேர்த்து.